அறிவியல் அறிஞர் ரோசலிண்ட் பிராங்கிளின் அம்மையார்

நெல்லை விதைத்தால் நெல்லே விளைகிறது. பசுவின் வயிற்றில் கன்றே பிறக்கிறது. உயிர்கள் யாவும் தம் சாயலைத் தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச் செல்கின்றன. இஃது எங்ஙனம் நிகழ்கிறது என்னும் வினா மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள் முதல் அவனைத் தொடர்ந்து வந்த ஒன்றாகும். அவ்வினாவுக்குரிய விடையின் வாயில் 1953ஆம் ஆண்டில் திறந்தது. உயிரணுவினுள் உறையும் டி.என்.ஏ. என்னும் பொருள், முறுக்கிய ஏணியைப் போன்ற இரட்டைச் சுருள் வடிவினது என்பதை அறிஞர்கள் அவ்வாண்டில் கண்டனர். அதற்காக 1962ஆம் ஆண்டில் மூவர் நோபல் பரிசு பெற்றனர். ஆயின் அக்கண்டுபிடிப்புக்கு இன்றியமையாத ஒளிப்படத்தையும் அளவுகளையும் தேடித் தந்த நான்காமவர் ஒருவர் இருந்தார். பரிசு வழங்கப்பெற்ற நாளில் அவர் உயிரோடில்லை. அவருடைய பெயரையும் உலகம் பெரிதாக அறிந்திருக்கவில்லை. அவரே ரோசலிண்ட் பிராங்கிளின் அம்மையார். கல்வியால் உயர விழையும் நம் இளைஞர்களும், சிறப்பாக நம் பெண்மக்களும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அவருடையது.

பிறப்பும் கல்வியும்

ரோசலிண்ட் 1920ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் இலண்டன் மாநகரின் நாட்டிங் ஹில் பகுதியில் பிறந்தார். தந்தையார் எல்லிஸ் பிராங்கிளின் வங்கித் தொழில் செய்தவர். தாயார் பெயர் மியூரியல். மக்கள் ஐவருள் ரோசலிண்ட் இரண்டாமவர். வசதி மிக்க யூதக் குடும்பம் அது. எனினும் செல்வத்தைத் தமக்கு மட்டும் உரியதாகக் கருதாத குடும்பம். தந்தையார் பகலில் தம் தொழிலைக் கவனித்து, மாலை வேளைகளில் உழைக்கும் மக்களுக்கென நடந்த தொழிலாளர் கல்லூரியில் மின்னியல் முதலிய பாடங்களைக் கற்பித்து வந்தார். இட்லரின் கொடுமைக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடி வந்த யூதர்கள் இங்கிலாந்தில் குடியமர அக்குடும்பத்தார் பெரிதும் துணை நின்றனர்.

பதினோராம் வயதில் அவர் சேர்ந்த புனித பவுல் பெண்கள் பள்ளி, பெண்களுக்கு இயற்பியலையும் வேதியியலையும் முறையாகக் கற்பித்த மிகச் சில பள்ளிகளுள் ஒன்று. அங்கேயே அவர் உள்ளம் அறிவியலில் ஊன்றியது. 1938இல் பள்ளியிறுதியில் ஆண்டுக்கு 30 பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித் தொகை பெற்றார். அத்தொகையைத் தகுதியுடைய அகதி மாணவர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும்படி தந்தையார் கேட்டுக்கொண்டார். கற்க இயன்றவர் கற்க இயலாதவரை நினைத்தல் வேண்டும் என்னும் பாடம் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது.

அவ்வாண்டே கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் நியூன்காம் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து, 1941இல் வேதியியலில் இரண்டாம் வகுப்புச் சிறப்பு நிலையில் தேறினார். அறிவில் உலகுக்கே வழிகாட்டியதாகப் பெயர் பெற்ற அப்பல்கலைக்கழகம் அந்நாளில் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை என்பதை இன்று கேட்போர் வியப்படைவர். பெண்கள் பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம், ஆனால் ஆண்களைப் போல் பல்கலைக்கழகத்தின் உறுப்பினராகிப் பட்டம் பெறும் உரிமை அவர்களுக்கு 1948ஆம் ஆண்டில்தான் கிடைத்தது.

கரியில் கண்ட நுண்மை

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. நாட்டுக்குப் பயன்படும் ஆராய்ச்சி எதுவோ அதைச் செய்ய வேண்டும் என்று கருதிய ரோசலிண்ட், 1942இல் பிரித்தானிய நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிக் கழகத்தில் பணியேற்றார். வான்படைத் தாக்குதலின்போது மக்களைக் காக்கும் தொண்டர் படையிலும் சேர்ந்து உழைத்தார்.

நிலக்கரி அடுப்பெரிக்கும் பொருள்தானே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கரியினுள் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உள்ளன. எவ்வகைக் கரியில் அத்துளைகள் எவ்வளவு குறுகியவை, சூடேற்றும்போது அவை எங்ஙனம் மாறுகின்றன, எந்த மூலக்கூறு உள்ளே நுழையும், எது நுழையாது என்பவற்றையெல்லாம் அவர் அளந்து காட்டினார். எரிபொருளைச் செம்மையாகப் பயன்படுத்துவதற்கும் நச்சுக்காற்றுத் தடுப்பு முகமூடிக்கும் இவ்வறிவு வேண்டியதாயிருந்தது. இவ்வாராய்ச்சிக்காகவே 1945இல் கேம்பிரிட்சு அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது.

1947இல் பாரிசு நகருக்குச் சென்றார். அங்கு அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் ழாக் மெரிங் என்னும் அறிஞரிடம் எக்ஸ் கதிர்ப் படிகவியலைக் கற்றுத் தேர்ந்தார். எக்ஸ் கதிரை ஒரு படிகத்தின் மீது செலுத்தினால், படிகத்தினுள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ள அணுக்களால் அக்கதிர் சிதறி, எதிரே உள்ள படத்தகட்டில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் அளந்து, கணக்கின் துணையால் உள்ளே அணுக்கள் அமைந்திருக்கும் முறையை உய்த்துணர வேண்டும். சுவரில் விழும் நிழலைக் கொண்டு பொருளின் வடிவைக் கூறுவதைப் போன்றது இது. ஆயினும் அதனினும் பன்மடங்கு கடினமானது. சில வகைக் கரி, சூடேற்றினால் பென்சிலில் உள்ள கிராபைட்டாக மாறுவதும், வேறு சில வகை எவ்வளவு சூடேற்றினும் மாறாதிருப்பதும் ஏன் என்பதை அவர் இம்முறையால் விளக்கினார். 1951இல் வெளிவந்த அக்கட்டுரை கரிமப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இன்றும் போற்றப்படுகிறது. பிற்கால நிகழ்ச்சிகள் எவையும் நிகழாதிருப்பினும் இவ்வொன்றே அவருக்கு அறிவியலில் இடம் தேடித் தந்திருக்கும்.

அரசர் கல்லூரியில்

1951 சனவரியில் இலண்டன் அரசர் கல்லூரியில் மூன்றாண்டு ஆராய்ச்சி உதவி பெற்றுச் சேர்ந்தார். புரதங்களை ஆராய்வதற்கென்றே அவர் முதலில் அமர்த்தப்பெற்றார். ஆனால் அவர் வந்து சேருமுன்பே, துறைத்தலைவர் ராண்டால் அவருக்குக் கடிதம் எழுதி, டி.என்.ஏ. பற்றிய எக்ஸ் கதிர் ஆராய்ச்சியில் ஈடுபடுமாறும், ரேமண்ட் காஸ்லிங் என்னும் ஆராய்ச்சி மாணவர் மட்டும் அவருடன் இருப்பார் என்றும் தெரிவித்தார். அதே துறையில் மோரிஸ் வில்கின்ஸ் என்பவர் முன்பே டி.என்.ஏ.வை ஆராய்ந்து வந்தார். அக்கடிதச் செய்தி அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. எனவே ரோசலிண்ட் தமக்கு உதவியாக வந்தவர் என்று வில்கின்ஸ் கருதினார். தனித்துச் செய்யும் பொறுப்பு தமக்கு அளிக்கப்பட்டதென்று ரோசலிண்ட் கருதினார். தலைவர் ஒருவர் தெளிவாகக் கூறாது விட்ட ஒரு செய்தி, நல்லறிஞர் இருவரை இரண்டாண்டுகள் பகைவர் போல் ஆக்கிவிட்டது. ரோசலிண்ட் நேருக்கு நேர் வாதிடும் இயல்பினர். வில்கின்ஸ் பேசாது ஒதுங்கும் இயல்பினர். கல்லூரியில் ஆண்கள் மட்டுமே அமர்ந்து உண்ணும் அறை ஒன்றும் அந்நாளில் இருந்தது. உணவு வேளையில் உடன் பணிபுரிவோர் கலந்துரையாடும் இடத்தில் ஒருவருக்கு இருக்கை மறுக்கப்படுமாயின், அவர் இழப்பது உணவை மட்டுமன்று என்பதை நம்மவர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

இத்தகைய சூழலிலும் அவர் பணி தளரவில்லை. டி.என்.ஏ. இழை தன்னைச் சூழ்ந்துள்ள காற்றின் ஈரத்துக்கேற்ப இருவேறு வடிவம் கொள்கிறது என்பதை அவரும் காஸ்லிங்கும் கண்டனர். ஈரப்பதம் 75 விழுக்காட்டளவில் இருக்கும்போது குறுகித் தடித்திருப்பது ஒரு வடிவம்; ஈரப்பதம் 90 விழுக்காட்டைக் கடந்தபின் நீண்டு மெலிந்திருப்பது மற்றொன்று. முன்னதை ஏ வடிவம் என்றும் பின்னதை பி வடிவம் என்றும் பெயரிட்டனர். அதுவரை எடுக்கப்பட்ட படங்கள் தெளிவின்றிக் குழம்பியிருந்தமைக்கு இரு வடிவமும் கலந்திருந்ததே காரணம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. இழையிற் புகும் நீரைக் கொண்டே, பாசுபேட்டுத் தொகுதிகள் இழையின் வெளிப்புறத்தில் அமைந்திருத்தல் வேண்டும் என்றும் அவர் முடிவு செய்தார்.

போட்டியும் முடிவும்

அதே காலத்தில் கேம்பிரிட்சில் சேம்சு வாட்சன், பிரான்சிசு கிரிக் என்னும் இருவர் மாதிரி அமைத்து டி.என்.ஏ.யின் வடிவத்தைக் காண முயன்றனர். கடல் கடந்து அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற லைனஸ் பாலிங்கும் இதே முயற்சியில் இறங்கினார். 1951 நவம்பரில் ரோசலிண்ட் நிகழ்த்திய உரையைக் கேட்டுச் சென்ற வாட்சன், அவர் கூறிய நீரின் அளவைத் தவறாக நினைவிற் கொண்டார். அதன் பயனாக மூன்று இழைகளையும் பாசுபேட்டை உட்புறத்தில் வைத்தும் அமைத்த மாதிரி தவறாயிற்று. அதைக் காண அழைக்கப்பட்ட ரோசலிண்ட், பார்த்த மாத்திரத்தில் பிழையைச் சுட்டிக்காட்டினார். மேலிடத்தார் அவ்விருவரையும் அம்முயற்சியை நிறுத்தச் செய்தனர்.

1952 மே மாதத்தில், ரோசலிண்டின் மேற்பார்வையில் காஸ்லிங் பி வடிவத்தின் ஒளிப்படம் ஒன்றை எடுத்தார். ஏறத்தாழ 60 மணி நேரத்துக்கு மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்த அப்படத்துக்கு அவர்கள் இட்ட எண் 51. பெருக்கற்குறி போன்ற புள்ளி வரிசைகள் அதில் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தன. அது சுருள் வடிவத்தின் அடையாளம். எனினும் அளவுகள் மிகுதியாகக் கிடைக்கும் ஏ வடிவத்தைக் கணக்கிட்டு முடித்த பின்னரே எதையும் கூறுவது என்று ரோசலிண்ட் எண்ணினார். ஏ வடிவமும் சுருள்தானா என்பதில் அவருக்குச் சில திங்கள் ஐயம் இருந்தது. ஊகத்தினும் அளவையே பெரிதென மதித்தவர் அவர். அதனால் காலம் கழிந்தது என்பதையும் மறைத்தல் கூடாது.

1953 சனவரி 30ஆம் நாள் அரசர் கல்லூரிக்கு வந்த வாட்சனிடம் வில்கின்ஸ் அப்படத்தைக் காட்டினார். ரோசலிண்டின் இசைவு அதற்குக் கேட்கப்படவில்லை. அடுத்து, அரசர் கல்லூரி ஆராய்ச்சிகளைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கை ஒன்று மாக்சு பெருட்சு என்பவர் வழியாக கிரிக்கின் கைக்குச் சென்றது. அவ்வறிக்கை மறைபொருள் என முத்திரையிடப்பட்டதன்று. ஆயினும் ரோசலிண்ட் வெளியிடாத அளவுகள் அதில் இருந்தன. அவற்றிலிருந்து, இரண்டு இழைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன என்று கிரிக் உணர்ந்தார். அடினைனும் தைமினும் சம அளவின, குவானினும் சைட்டோசினும் சம அளவின என்று எர்வின் சார்காஃப் முன்பே கண்டிருந்தார். அடினைன் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணையாகப் பொருந்தும் முறையை பிப்ரவரி இறுதியில் வாட்சன் கண்டார். மார்ச்சு முதல் வாரத்தில் மாதிரி முழுமை பெற்றது. அவ்விருவரின் நுண்ணறிவும் கற்பனையும் மெய்யானவை. அவற்றைக் குறைத்துக் கூறுதல் நம் நோக்கமன்று. அவ்வறிவுக்கு அடித்தளமாய் நின்ற அளவுகள் யாருடையவை என்பதே வினா.

1953 ஏப்ரல் 25ஆம் நாளிட்ட நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதலாவது வாட்சன், கிரிக் எழுதியது. இரண்டாவது வில்கின்ஸ் குழுவினருடையது. மூன்றாவது ரோசலிண்டும் காஸ்லிங்கும் எழுதியது. முதற்கட்டுரையின் இறுதியில், வெளிவராத ஆராய்ச்சி முடிவுகள் பற்றிய பொதுவான அறிவால் ஊக்கம் பெற்றதாகச் சில சொற்களில் கூறப்பட்டது. அளவும் படமும் தந்தவரின் கட்டுரை, பிறர் கருத்தைப் பின்னின்று மெய்ப்பிப்பது போன்ற தோற்றத்தோடு கடைசியில் நின்றது.

புதிய களம்

மாதிரி முழுமை பெற்ற சில நாள்களில் ரோசலிண்ட் அரசர் கல்லூரியை விட்டு, பேராசிரியர் பெர்னால் தலைமையில் இயங்கிய பர்க்பெக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். இந்த பெர்னால் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தபோது, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாசன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்று எடுத்துரைத்தார். அதனால் ஊக்கம் பெற்ற நம் நாட்டறிஞர் கோ. நா. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அது முச்சுருள் வடிவினது என்று 1954இல் சென்னையிலிருந்தே வெளியிட்டார் என்பது இங்கு நினைக்கத் தக்கது.

பர்க்பெக்கில் ரோசலிண்டுக்குக் கிடைத்தது பழைய வீடொன்றில் அமைந்த எளிய ஆய்வுக்கூடம். அங்கு ஆரன் குளுக் முதலிய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, புகையிலைப் பயிரைத் தாக்கும் தேமல் நோய் வைரசை ஆராய்ந்தார். அவ்வைரசின் புரதங்கள் உள்ளீடற்ற குழல் போல் சுருளாக அடுக்கப்பட்டிருப்பதையும், அதன் மரபுப் பொருளாகிய ஆர்.என்.ஏ. புரதத்தினுள்ளே பொதிந்து கிடப்பதையும் அவருடைய குழு தெளிவாக்கியது. வைரசுகளின் உள்ளமைப்பைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுக்கு அடியிட்டவர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர்.

1956இல் அமெரிக்கப் பயணத்தின்போது அவர் உடல்நலம் குன்றியது. ஊர் திரும்பியபின் கருப்பைச் சினையகத்தில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அறுவைகளுக்கும் மருத்துவத்துக்கும் இடையே அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டேயிருந்தார். அவருடைய குழு 1956இல் ஏழு கட்டுரைகளையும் 1957இல் ஆறு கட்டுரைகளையும் வெளியிட்டது. இளம்பிள்ளை வாத வைரசின் ஆராய்ச்சியையும் அவர் தொடங்கி வைத்தார். உடல் தேறும் நாள்களில் சில காலம் கிரிக்கின் இல்லத்தில் தங்கியிருந்தார் என்பதிலிருந்து, பழைய போட்டியை அவர் நெஞ்சில் சுமக்கவில்லை என்பது புலனாகும்.

1958 ஏப்ரல் 16ஆம் நாள் அவர் இலண்டனில் உயிர் நீத்தார். வயது 37. மறுநாள் பிரசெல்சு நகரில் திறக்கப்பட்ட உலகக் கண்காட்சியில் அவர் அமைத்த வைரசு மாதிரி இடம்பெற்றது. தம் விருப்ப முறியில் குளுக்குக்கு 3,000 பவுனும் தம் உந்து வண்டியும் எழுதி வைத்திருந்தார். தொடங்கிய பணி நிற்கலாகாது என்பதில் அவருக்கிருந்த கருத்து அத்தகையது. அப்பணியைத் தொடர்ந்த குளுக் 1982இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

பெயர் மீண்ட வரலாறு

1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றபோது, மறைந்தவர் பெயரைப் பரிந்துரைக்க விதியில் இடமிருக்கவில்லை. 1968இல் வாட்சன் வெளியிட்ட நூல் ரோசலிண்டைச் சினம் மிக்கவராகவும், தம் படத்தின் பொருளையே அறியாதவராகவும் காட்டியது. மறுமொழி கூற அவர் இல்லை. ஆனால் அவருடைய ஆராய்ச்சிக் குறிப்பேடுகள் இருந்தன. குளுக் அவற்றை ஒவ்வொரு தாளாக ஆராய்ந்தார். 1953 பிப்ரவரி 24ஆம் நாளளவில், இரு வடிவங்களும் இரட்டை இழைச் சுருளே என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தமை நாளிட்ட குறிப்புகளால் தெரியவந்தது. மார்ச்சு 17ஆம் நாளிட்ட கட்டுரை வரைவு ஒன்றும் கிடைத்தது. கேம்பிரிட்சு மாதிரியின் செய்தி அவருக்கு எட்டுமுன் அவரே எழுதியது அது. இறுதிப் படிகளுள் ஒன்றிரண்டே அவருக்கு எஞ்சியிருந்தன. 1975இல் அவர் தோழி ஆன் சாயர் அவர் வாழ்க்கையை நூலாக எழுதினார்.

2023இல் வரலாற்றறிஞர் இருவர் வெளிப்படுத்திய பழைய தாள்கள், அவரை ஏமாற்றப்பட்ட பேதையாகக் கருதுவதும் பொருந்தாது எனக் காட்டின. அக்கண்டுபிடிப்பில் ஏனையோர்க்கு நிகராகப் பங்கு கொண்ட நால்வருள் ஒருவர் அவர். செவ்வாய்க் கோளுக்கு அனுப்புவதற்கென ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் உருவாக்கிய ஊர்திக்கு 2019இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவர் உழைப்பால் வெளிப்பட்ட அந்த இரட்டைச் சுருள் நமக்கு வேறொன்றையும் கூறுகிறது. எந்த நாட்டினராயினும், எக்குடியிற் பிறந்தாராயினும், மாந்தர் இருவரின் டி.என்.ஏ. எழுத்து வரிசை 99.9 விழுக்காடு ஒன்றேயாகும். எழுத்துகளும் அதே நான்குதாம். பிறப்பால் உயர்ந்தார், தாழ்ந்தார் என்பதற்கு அவ்வேட்டில் எங்கும் இடமில்லை. நூல்கள் பல எழுதி நிலைநாட்டப்பட்ட பொய்யை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை மறுத்து நிற்கிறது.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் உதவியால் கற்றுப் பணியில் அமர்ந்துள்ள இளைஞர்களும், இனிக் கற்க வரும் இளைஞர்களும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. உழைப்பவர் ஒருவர், பெயர் பெறுபவர் ஒருவர் என்பது உலகில் புதிதன்று; நம் முன்னோர் அதை நன்கறிவர். அவர்கள் செய்த வேலைக்குச் சான்றாக எழுத்து எதுவும் அவர்கள் கையில் இருந்ததில்லை. எழுதும் உரிமையே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ரோசலிண்டுக்கும் பெயர் மறுக்கப்பட்டது. ஆனால் அவர் அன்றன்று செய்ததை அன்றன்றே, நாளிட்டு, தம் கையால் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து அக்குறிப்பேடுகள் அவருக்காகப் பேசின. இன்று எழுத்து நம் கைக்கும் வந்துள்ளது. கற்போம், செய்வதைச் செம்மையாகச் செய்வோம், செய்ததை எழுதி வைப்போம்.